அவிழ்ந்த கட்டு, அறுத்த கட்டு, ஒப்படைத்த கட்டு
தன்னடக்கத்தைக் கைவிடுதல் குறித்து ஒரு விளக்கம்

தன்னடக்கம் போன மனிதரைப் பற்றிப் பேசுவதற்கு எமது ஊர்ப் பேச்சில் பல சொற்கள் உண்டு. "அவர் ஜதுபுல இருக்கார்" என்பார்கள். "விசர் பிடிச்சிட்டு" என்பார்கள். "கோபத்தில கண்மண் தெரியாமச் செஞ்சிட்டான்" என்பார்கள். "என்னையறியாம வாயில வந்திட்டு" என்பதும் அன்றாடம் காதில் விழுவதுதான்.

இந்த நான்கும் நான்கு வெவ்வேறு நிலைகள். ஆனால், நடைமுறையில் ஒன்றுக்கு மற்றதைப் போர்வையாக்கிக் கொள்கிறோம். கோபத்தில் மனைவியைக் கைநீட்டி அடித்தவர் "என்னையறியாம நடந்திட்டு" என்கிறார். வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டியவரை "அவருக்கு ஜதுபு, ஒண்டும் செய்யேலாது" என்று திண்ணையில் விட்டுவிடுகிறோம். இறைகாதலில் தன்னை மறந்து பாடிய புலவரை "விசர்ப் பாட்டு" என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பெண்களும் நோயாளிகளும்தான். சில வேளைகளில் எமது இலக்கியமும் அந்த விலையைக் கொடுக்கிறது.

ஆகவே, கட்டுப்பாட்டைக் கைவிடுதல் என்றால் என்ன, அது எத்தனை வகைப்படும், ஒன்றிலிருந்து மற்றதை எப்படிப் பிரித்தறிவது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கட்டு என்பது என்ன?

அறிவைக் குறிக்கும் அறபுச் சொல் 'அக்ல்'. ஒட்டகத்தின் முன்னங்காலை மடக்கிக் கட்டும் கயிற்றுக்கு 'இகால்' என்று பெயர். இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். அறிவைப் பற்றி யோசித்த பாலைவன மனிதனுக்கு விளக்கோ கண்ணாடியோ நினைவுக்கு வரவில்லை, காற்கட்டுத்தான் வந்திருக்கிறது. மனிதனை நினைத்த திசையெல்லாம் ஓடவிடாமல் நிறுத்தி வைப்பது எதுவோ அதுதான் அறிவு.

இந்தக் கயிற்றைக் கொஞ்சம் கவனியுங்கள். அது ஒட்டகத்தைத் துன்புறுத்துவதற்கானது அல்ல. எந்நேரமும் கட்டிவைப்பதற்கானதும் அல்ல. இரவில் கட்டுவார்கள், பயணம் புறப்படும்போது அவிழ்ப்பார்கள். என்றைக்கும் அவிழ்க்காத ஒட்டகத்தால் யாருக்கும் பயனில்லை. ஒருநாளும் கட்டாத ஒட்டகமோ காலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதா, அவிழ்த்து விட்டுவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதா என்று ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதும், கட்டிவிட்டே பொறுப்புச் சாட்டும்படி அவர்கள் பணித்ததும் திர்மிதியில் வரும் செய்தி. ஜும்ஆ மேடைகளில் பல தடவை கேட்டதுதான். முயற்சியின் முக்கியத்துவத்தைச் சொல்வதற்கே இதை வழமையாக எடுத்துக்காட்டுவார்கள். எமது தலைப்புக்கும் இது பொருந்தும். கைவிடுதல் கட்டுதலுக்குப் பின்னர் வருவது. கட்டத் தெரியாதவனுக்குக் கைவிடுவதற்கு எதுவுமில்லை.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் உள்ளத்தைப் பற்றிப் பேசும்போது வேட்டைக்காரன் ஒருவனை உவமையாக்குகிறார். அறிவு வேட்டைக்காரன், இச்சை அவன் ஏறிய குதிரை, கோபம் அவனுடைய நாய். குதிரை பழகியதாகவும் நாய் பணிந்ததாகவும் இருந்தால் வேட்டை கிடைக்கும். குதிரை முரடாகவும் நாய் வெறி பிடித்ததாகவும் இருந்தால், வேட்டை கிடைப்பது ஒருபுறமிருக்க, ஆளே தப்புவது கடினம். குதிரையைக் கொன்றுவிடு, நாயை விரட்டிவிடு என்று கஸ்ஸாலி சொல்லவில்லை என்பதுதான் முக்கியம். அவை இரண்டும் இல்லாமல் வேட்டையே இல்லை. தன்னடக்கம் என்பது ஆசையையும் கோபத்தையும் அழிப்பதல்ல, அவற்றின் கடிவாளத்தைக் கையில் வைத்திருப்பது.

அப்படியென்றால் கடிவாளம் கையை விட்டுப் போவது எத்தனை வகையில் நடக்கலாம்? மூன்று வகையில் நடக்கலாம். கட்டு தானாக அவிழ்ந்து போகலாம். நாமே அதை அறுத்தெறியலாம். அல்லது நம்பிக்கையான ஒரு கையில் அதை ஒப்படைக்கலாம்.

அவிழ்ந்த கட்டு

முதலாவது நோய். இதில் மனிதன் எதையும் கைவிடவில்லை. அது அவனைவிட்டுப் போயிருக்கிறது. மார்க்கச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. தூங்குபவர் விழிக்கும் வரையும், சிறுவர் பருவமடையும் வரையும், புத்தி பேதலித்தவர் தெளியும் வரையும் அவர்கள் மீது பேனை உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நபிமொழியின் கருத்து. அதாவது, குற்றம் எழுதப்படுவதில்லை. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், புத்தி பேதலித்திருந்த காலத்தில் தவறிய தொழுகையைத் தெளிந்த பின்னர் களாச் செய்யவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

சட்டம் இவ்வளவு இரக்கம் காட்டிய இடத்தில் சமூகம் என்ன செய்கிறது? ஒன்றில் பயப்படுகிறது, அல்லது புனிதமாக்குகிறது. இரண்டிலுமே நோயாளிக்கு மருந்து கிடைப்பதில்லை.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி, தர்ஹாவை அண்டி நடத்தப்பட்ட தனியார் மனநோயாளர் இல்லமொன்றில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் பிணைத்து வைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கொடியவர்கள் அல்ல. தங்கள் பிள்ளைக்கு நேர்ந்தது என்னவென்று அவர்களுக்கு விளங்கவில்லை. உள்ளே அவிழ்ந்துபோன கட்டுக்கு வெளியே இரும்பால் கட்டுப்போட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள், நம்பினார்கள்.

துஆவும் ஸியாரத்தும் ஒருவருடைய மனதுக்கு ஆறுதல் தரும் என்றால் அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால், உறக்கமில்லாமல், உண்ணாமல், இல்லாத குரலைக் கேட்டு நடுங்கும் பிள்ளையை "ஜதுபு" என்று பெயரிட்டு வைத்தியத்திலிருந்து விலக்கி வைப்பது பக்தியல்ல. அது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஒருவர் இறைநேசராகவும் நோயாளியாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம். நேசத்துக்கு மரியாதை செய்வோம், நோய்க்கு மருந்து கொடுப்போம். ஒன்று மற்றதைத் தடுப்பதில்லை.

அறுத்த கட்டு

இரண்டாவது வகையில் கட்டை அறுத்தவன் நாமே. போதை இதன் வெளிப்படையான உதாரணம். தானே விரும்பிக் குடித்துப் புத்தியிழந்தவருக்கு, முன்னர் சொன்ன சலுகை ஷாபிஈ மத்ஹபில் கிடையாது. தவறிய தொழுகையை அவர் களாச் செய்தே ஆகவேண்டும். போதையில் சொன்ன தலாக் கூட நிகழ்ந்துவிடும் என்பதே அந்த மத்ஹபின் வலுவான கருத்து. வெளிப்பார்வைக்கு இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் தள்ளாடுகிறார்கள். இருந்தும் சட்டம் இருவரையும் வேறு வேறாகப் பார்க்கிறது. காரணம், அது கட்டு அவிழ்ந்திருப்பதை மட்டும் பார்க்கவில்லை. யார் அவிழ்த்தது என்றும் கேட்கிறது.

கோபம் இதைவிடச் சிக்கலானது. டமஸ்கஸ் அறிஞர் இப்னுல் கையிம் (1292–1350) கோபத்தில் சொல்லப்படும் தலாக் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். அவர் கோபத்தை மூன்றாகப் பிரிக்கிறார். முதலாவது தொடக்க நிலை. என்ன சொல்கிறோம் என்பது ஆளுக்குத் தெரியும். அவரது சொல் செல்லும். கடைசி நிலையில் வாயிலிருந்து வருவது என்னவென்றே தெரியாது. அந்தச் சொல் செல்லாது. இரண்டுக்கும் இடைப்பட்டது மூன்றாவது நிலை. புத்தி முழுதாகப் போகவில்லை, ஆனால் நிதானமும் இல்லை. இதில்தான் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு.

எமது நாட்டில் 1951இன் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும் இந்த இடத்தைத்தான் தொட்டிருக்கிறது. தலாக் சொல்ல விரும்பும் கணவர் அந்த எண்ணத்தை முதலில் காதியாருக்கு அறிவிக்க வேண்டும். 30 நாட்களுக்குள் உறவினர், பெரியோர் உதவியோடு சமாதானம் செய்துவைக்கக் காதியார் முயல வேண்டும். அதன் பின்னரும் அவர் அதையே விரும்பினால், காதியார் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு சொல்லலாம். அந்தச் சட்டத்தில் திருத்தப்பட வேண்டியவை பற்றிய விவாதம் வேறு. ஆனால், இந்த 30 நாட்களின் பொருளைக் கவனியுங்கள். கோபத்தில் கட்டறுந்த மனிதனுடைய சொல்லுக்குச் சட்டம் வெளியிலிருந்து ஒரு கட்டுப் போடுகிறது. "இப்ப சொன்னதை ஒரு மாசம் கழிச்சும் சொல்லுவியா?" என்று கேட்கிறது.

"கண்மண் தெரியாமச் செஞ்சிட்டன்" என்ற சாட்டுக்கும் இங்கேயே ஒரு உரைகல் இருக்கிறது. மனைவியிடம் கண்மண் தெரியாமல் போகிற அதே மனிதருக்கு, சந்தியில் பொலிஸ்காரர் மறித்தால் கண்ணும் தெரிகிறது, மண்ணும் தெரிகிறது. வீட்டுப் பீங்கானைத் தூக்கி உடைப்பவர் தன்னுடைய கைபேசியைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டுத்தான் உடைக்கிறார். ஆளைப் பார்த்து, பொருளைப் பார்த்து அவிழ்கிற கட்டு தானாக அவிழ்ந்த கட்டு அல்ல. கத்தி அவர் கையில்தான் இருக்கிறது.

ஒப்படைத்த கட்டு

மூன்றாவது வகையைப் பற்றித்தான் ஸூபி இலக்கியம் பேசுகிறது. அது பேசும் மொழி போதையின் மொழி என்பதால்தான் இவ்வளவு குழப்பமும். ஸூபிகள் தன்னை மறந்த நிலைக்கு 'ஸுக்ர்' (மயக்கம்) என்றும், தெளிந்த நிலைக்கு 'ஸஹ்வு' என்றும் பெயர் வைத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாயஸீத் பிஸ்தாமியை முதலாவதற்கும், 910இல் மறைந்த பக்தாதின் ஜுனைதை இரண்டாவதற்கும் முன்னுதாரணமாகச் சொல்வது மரபு.

பாயஸீத் போன்றோர் பரவச நிலையில் சொன்ன, கேட்பவரைத் திடுக்கிடச் செய்யும் வார்த்தைகளுக்கு 'ஷத்ஹு' என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் 'கிதாபுல் லுமஃ' எழுதிய அபூநஸ்ர் அஸ்ஸர்ராஜ் இதற்குத் தரும் விளக்கம் வயற்காரருக்கு நன்றாகப் புரியும். ஒடுங்கிய வாய்க்காலில் பெருவெள்ளம் வந்தால் தண்ணீர் கரைமேவி ஓடும் அல்லவா, அதுதான் ஷத்ஹு என்கிறார் அவர். வெள்ளத்தின் மீதும் குற்றமில்லை, வாய்க்காலின் மீதும் குற்றமில்லை. வந்தது பெரிது, கொள்ளளவு சிறிது. ஆனால், கரைமேவியதையே பெருமையாக அவர் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அகன்ற வாய்க்காலில் அதே வெள்ளம் சத்தமில்லாமல் போகும்.

ஜுனைதுடைய நிலைப்பாடும் இதுவே. ஆன்மிக இசை கேட்கையில் தொடக்க காலத்தில் அசைந்த ஜுனைத் பிற்காலத்தில் அசையாமல் இருந்தார் என்றும், காரணம் கேட்டபோது, அசையாதவை போலத் தோன்றும் மலைகள் மேகங்களைப் போல் நகர்வதைப் பற்றிய குர்ஆன் வசனத்தையே பதிலாக ஓதினார் என்றும் கஸ்ஸாலி எழுதுகிறார். உள்ளே எதுவும் நடக்கவில்லை என்பதல்ல அதன் பொருள். நடக்கிறது, வெளியில் தெரியவில்லை.

அதே இடத்தில் கஸ்ஸாலி சொல்லும் இன்னொரு செய்தியும் உண்டு. ஜுனைதின் கூட்டத்தில் இருந்த இளைஞர் ஒருவர் திக்ர் கேட்டாலே வீரிட்டுக் கத்திவிடுவார். "இனிமேல் கத்தினால் என்னோடு இருக்க முடியாது" என்ற பொருளில் ஜுனைத் எச்சரித்துவிட்டார். அதன் பிறகு அவர் தன்னை அடக்கிக்கொண்டார். ஒவ்வொரு மயிர்க்காலிலிருந்தும் நீர் சொட்டும் அளவுக்கு அடக்கினார். ஒருநாள் அடக்க முடியாமல் ஒரு பெருமூச்சு. அதோடு உயிர் போய்விட்டது.

இந்தக் கதை ஏன் சொல்லப்படுகிறது? ஜுனைத் சொன்னது தவறு என்பதற்காகவா? இளைஞரின் பலவீனத்தைக் காட்டவா? என் வாசிப்பில் இரண்டும் இல்லை. உண்மையாகவே தன்னைக் கைவிட்டவர் யார் என்று காட்டத்தான். அவர் கத்திய நாட்களில் கைவிட்டிருக்கவில்லை. அடக்குவதற்குத் தன்னாலான அத்தனையும் செய்து, அதற்கு மேல் தன் கையில் எதுவுமில்லை என்ற எல்லையில்தான் கைவிட்டார். இதற்கு நேர்மாறானவரையும் கஸ்ஸாலி குறிப்பிடுகிறார். பரவசம் வராமலே வந்தவர் போலக் காட்டிக்கொள்பவர் அவர். நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்வது அது. பார்வையாளரைக் கணக்கெடுக்கிறவர் தன்னை மறக்கவில்லை.

தமிழில் இந்த மரபின் பெரும் பெயர் குணங்குடி மஸ்தான் சாகிபு. 1838இல் மறைந்த இவருடைய இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து, சென்னை இராயபுரத்தில் அடங்கியிருக்கிறார். 'மஸ்த்' என்ற பாரசீகச் சொல்லுக்கு மதிமயக்கம் கொண்டவர் என்று பொருள். யானைக்கு வரும் மதத்தை ஆங்கிலத்தில் 'மஸ்த்' என்று எழுதுகிறார்களே, அதுவும் இதே சொல்தான். ஆக, மக்கள் அவருக்கு இட்ட பெயரே "தன்னை இழந்தவர்" என்பதுதான்.

இனி அவருடைய நூல்களைத் திறந்து பாருங்கள். பராபரக்கண்ணியும் ரகுமான் கண்ணியும் இரண்டிரண்டு அடிகளாகச் சீர் பிசகாமல் செல்கின்றன. அகத்தீசன் சதகம், நந்தீசன் சதகம் என்று சதகங்கள் பாடியிருக்கிறார். சதகம் என்றால் நூறு பாட்டு. எதுகை, மோனை, சந்தம் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கின்றன. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் போன்ற கற்றறிந்த புலவர் அவர்மீது நான்மணிமாலை பாடினார் என்றால், அவர் கேட்டது புலம்பலை அல்ல. புத்தி கெட்டவரால் யாப்பைக் காக்க முடியாது. யாப்பு என்ற சொல்லுக்கே கட்டு என்றுதான் பொருள். தன்னைக் கைவிட்ட மனிதர் யாப்பைக் கைவிடவில்லை. வெள்ளம் ஓடுவதற்கு வாய்க்காலாக அதை வைத்துக்கொண்டார். "விசர்ப் பாட்டு" என்று ஒதுக்குபவர்கள் இந்த ஒரு விடயத்தையாவது யோசிக்க வேண்டும்.

இதே ஒழுங்கை எமது மண்ணில் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் பாவாமாரின் றிபாயி றாத்தீபு. ஜெய்லானியிலும் கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலும் கொடியேற்ற காலங்களில் நடந்து வந்திருக்கிறது. றபான் ஒலிக்க, பைத்துப் படிக்க, கம்பியாலும் கத்தியாலும் தங்கள் உடம்பைக் குத்திக்கொள்கிறார்கள். இது மார்க்கத்தில் ஆகுமா என்பதில் உலமாக்களிடையே கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. அந்த வழக்கைத் தீர்ப்பது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. ஆனால், பார்ப்பவருக்குக் கட்டவிழ்ந்த வெறி போலத் தோன்றும் அந்தச் சபையில் எவ்வளவு கட்டு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கலீபாவின் அனுமதி பெறாமல் யாரும் ஆயுதத்தைத் தொடுவதில்லை. பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு உற்சாகம் வந்துவிட்டது என்பதற்காக நடுவே பாய்ந்துவிட முடியாது. தன்னுடைய கட்டை அவிழ்க்கும் உரிமையைக்கூட அவர் தன்னிடம் வைத்திருக்கவில்லை.

எப்படிப் பிரித்தறிவது?

"சரி, இதெல்லாம் கிதாபுகளில இருக்கு. முன்னால நிக்கிற ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். உள்ளத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. ஆனாலும் மேலே சொன்னவற்றிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

முன்னர் என்ன இருந்தது? ஒப்படைப்பவரிடம் ஒப்படைக்க ஏதாவது இருந்திருக்க வேண்டும். வருடக்கணக்கான பயிற்சி, கல்வி, ஒழுக்கம் இருந்த ஒருவர் தன்னை மறப்பது வேறு. தொழுகை பாரமாகிவிட்டது என்பதற்காக "நான் அந்தப் படித்தரத்தைத் தாண்டிட்டன்" என்று சொல்வது வேறு. போதையில் இருக்கும்போது, சொல்வது என்னவென்று அறியும் வரை தொழுகையை நெருங்க வேண்டாம் என்றுதான் குர்ஆன் சொன்னது. தெளிந்த பின்னரும் தொழ வேண்டாம் என்று எந்தப் பெரியாரும் சொல்லவில்லை.

நடுவில் விலை கொடுத்தது யார்? ஜுனைதின் இளைஞர் தன் உயிரைக் கொடுத்தார். மஸ்தான் சாகிபு தன் வீட்டையும் சுகத்தையும் கொடுத்தார். ஒருவர் தன்னைக் கைவிடும்போதெல்லாம் மனைவியோ பிள்ளையோ முரீதோ அழவேண்டி வருகிறதென்றால், அவர் கைவிட்டது தன்னையல்ல, அவர்களைத்தான். "நான் மயக்கத்தில இருந்தேன்" என்று சொல்லி முரீதின் பணத்தையோ மானத்தையோ தொடுகிற ஷெய்குமாருக்கும் இதே அளவுகோல்தான்.

பின்னர் என்ன நடந்தது? ஜுனைதின் வழியில் மயக்கம் முடிவான இடமல்ல. போனவர் திரும்பி வர வேண்டும். வந்து மனிதரோடு மனிதராக, கடமையோடு, முன்னரைவிட மென்மையானவராக வாழ வேண்டும். கோபத்திலிருந்து திரும்பி வருபவர் சாட்டுச் சொல்வார். நோயிலிருந்து திரும்பி வருபவருக்கு நடந்தது நினைவில் இல்லாமலும் போகலாம். அவருக்குத் தேவை எமது தாங்குதல். ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வருபவர் எதையாவது கொண்டு வருவார்: ஒரு கண்ணி, ஒரு தெளிவு, பிறர் குற்றத்தைப் பொறுக்கும் ஒரு மனம்.

இந்த மூன்று கேள்விகளும் அடுத்தவரை எடைபோடுவதற்கு மட்டுமல்ல. "என்னையறியாம வந்திட்டு" என்று நாம் சொல்ல வாயெடுக்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் எமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை. நோய் என்றால் வைத்தியரிடம் போவோம். கோபம் என்றால் அடிபட்டவரிடம் போய் மன்னிப்புக் கேட்போம். இரண்டையும் இறைகாதலின் கணக்கில் எழுதாமல் இருப்பதே அந்தக் காதலுக்குச் செய்யும் முதல் மரியாதை.